செம்பரம்பாக்கம் இன்னைக்கு எத்தனை அடி?

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் எங்கள் வீட்டில் காலையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். செம்பரம்பாக்கம் சென்னைக்குப் பக்கத்து ஏரி. பேப்பர் வந்ததும் ஏரி நிலவரம் போட்டிருக்கும் இடத்தைத் தேடி அப்பாவுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். மொத்தம் 24 அடி, அதில் இன்று எவ்வளவு. 20 அடியைத் தாண்டிவிட்டால் அன்று அவர் லேத் பட்டறைக்குப் போகமாட்டார், என்னையும் பள்ளிக்கூடம் விடமாட்டார்.

அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். 2015 டிசம்பர் 1 ஒரு செவ்வாய்க்கிழமை. விடாத மழை, ஆட்டோ கிடைக்கவில்லை. "இந்த மழையில எப்படிப் போறது, நாளைக்குப் போய்க்கலாம்" என்றார் அப்பா. அன்றிரவு ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஏரியில் திறக்கும் தண்ணீர் அடையாற்றில்தான் வரும், ஜாஃபர்கான்பேட்டையில் எங்கள் தெரு அந்த ஆற்றுக்குப் பக்கம். நடுராத்திரி கண் விழித்துக் காலைக் கீழே வைத்தால் தண்ணீர்.

மேலே மாடி வீட்டுக்கு ஏறிப் போய் அங்கேயே இருந்தோம், கரண்ட் இல்லை, போன் இல்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு டயாலிசிஸ் தள்ளிப்போனால் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கி நுரையீரலில் கோத்துக்கொள்ளும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது அளவு மீறினால் இதயமே நின்றுவிடும். எனக்கு அப்போது 14 வயது, இது எதுவும் தெரியாது. அம்மா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார் என்பது மட்டும் தெரியும். வியாழக்கிழமை மதியம் மீனவர்கள் படகோடு வந்தார்கள். உட்கார்ந்தபடியே தூக்கிக்கொண்டு போனோம். அன்றிரவு அம்மா இறந்துவிட்டார்.

காரியம் முடிந்த அடுத்த வாரமே அப்பா கயிறு வாங்கி வந்தார், அப்புறம் டார்ச், விசில், குளோரின் மாத்திரை. லாரி டியூப் நான்கை வாங்கி மூங்கிலில் கட்டித் தெப்பம் மாதிரி ஒன்று செய்தார். 200 லிட்டர் நீல டிரம் ஒவ்வொன்றாக வந்து பத்து ஆனது. அரிசியில் வேப்பிலை போட்டு, அவலும் பொட்டுக்கடலையும் கட்டிப் பரண் முழுக்க அடுக்கினார். தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், அம்மா படத்தை அந்தக் கோட்டுக்கு மேலேதான் மாட்டினார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவார். மெயினை அணைத்து, அவர் கட்டி வைத்திருந்த ஒரு நீலப் பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் மொட்டை மாடிக்கு வந்துவிட வேண்டும். பத்தாவது பரீட்சைக்குப் படித்த வருஷமும் இதே கதைதான். என் டியூஷன் பணம் டிரம்மாக மாறியதும் அந்த வருஷம்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து தெருவில் மரமெல்லாம் சாய்ந்த பிறகு வாரத்துக்கு இரண்டு முறை.

எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். அடுத்த வெள்ளத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் அழுதால் எழுந்து போய் கயிற்று முடிச்சைச் சரிபார்ப்பார். என் தோழி வீட்டில் ஒரு மழை நாளில் எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை.

2018-இல் ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தேன், தூக்கிப் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தில்தான். உள்ளே அம்மாவின் டயாலிசிஸ் ஃபைல், தண்ணீர் படாமல் இரண்டு கவர் போட்டு. அதற்குக் கீழே பொட்டாசியத்தைக் குறைக்கிற பொடி, பத்து பாக்கெட். தயாரித்த தேதி 2017.

திரும்ப அதே வரிசையில் அடுக்கி வைத்தேன். அதன் பிறகு ராத்திரி எழுப்பினால் முணுமுணுக்காமல் எழுந்தேன். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

2019 கோடையில் சென்னையே குடத்தோடு அலைந்தபோது அந்தப் பத்து டிரம்மிலிருந்துதான் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிடித்தார்கள். ஜூன் மாதம் அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு செம்பரம்பாக்கம் போனார். ஏரி வெடித்துக் கிடந்தது. கரைமேல் ரொம்ப நேரம் நின்று, "இதுவா" என்று மட்டும் கேட்டார்.

2020 நவம்பர் 25, நிவர் புயல். ஏரி 22 அடியைத் தொட, நண்பகலில் திறந்தார்கள், முதலில் 1,000 கன அடி. அன்றிரவு அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். விடியும் நேரம் அவராகவே சொன்னார், "செவ்வாய்க்கிழமை காலையிலயே கிளம்பியிருக்கணும் பாப்பா."

"ஆட்டோ எதுவும் வரலைப்பா. நானும்தான் ரோட்டுல போய் நின்னேன்."

"நீ நின்னியா?"

"ஒரு மணி நேரம் நின்னேன்ப்பா."

அவருக்கு அது அதுவரை தெரியாது. ஐந்து வருஷம் கழித்து அன்றைக்குத்தான் இரண்டு பேரும் அம்மாவுக்காகச் சேர்ந்து அழுதோம்.

பை இன்னும் கட்டிலுக்கு மேல் ஆணியில்தான் தொங்குகிறது. போன அக்டோபரில் தேதி முடிந்த பாக்கெட்டுகளை எடுத்துவிட்டுப் புதிய பொடி வாங்கி வைத்தது நான்.