பழைய லாரியின் முன்பக்க உயரம்

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் பழைய லாரிகளை எதிரில் நின்று பார்த்தால், சில வண்டிகளின் முகப்பு ஓட்டுநருக்கு இடப்பக்கமாகச் சற்றே தாழ்ந்திருப்பது தெரியும். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதாலும், பள்ளங்கள் பெரும்பாலும் அந்த ஓரத்திலேயே இருப்பதாலும், வண்டியின் சுமையைத் தாங்கும் வளைந்த எஃகு அடுக்குகளான கமான் பட்டைகள் இடப்பக்கத்திலேயே கூடுதல் அடி வாங்குகின்றன. போதாததற்குக் கடற்காற்றின் உப்பும் பட்டைகளுக்கு இடையே துருவை ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டியவற்றை இறுக்கிவிடுகிறது.

1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் காமெட் வண்டி ஒன்று எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. அதன் முன்பக்க உயரத்தைச் சரிசெய்யும்போது நான் விடாமல் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: இழந்த உயரத்தைப் பட்டையின் வளைவிலேயே மீட்க வேண்டும், வேறெதையும் இடையில் செருகி அல்ல.

அளவைத் தரையிலிருந்து எடுத்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் குழப்பும். ஆகவே சமதளத்தில், சுமையின்றி, சக்கர அச்சான ஆக்சிலின் மேற்புறத்திலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் அடிப்புறம் வரை இருபக்கமும் அளக்கிறேன்.

"பின்னால கட்டை வைக்கலாம் தம்பி, முன்னால வைக்கவே கூடாது" என்பார் தண்டையார்பேட்டையில் எங்களுக்குப் பட்டை வேலை செய்யும் மேஸ்திரி. பிரேக் பிடிக்கும்போது முன் ஆக்சில் தன் இருக்கையில் உருள முயல்கிறது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உயரத்துக்காக வைத்த கட்டை இருந்தால் அந்த விசைக்கு நெம்புகோல் கிடைத்து, பட்டை முறுக்கிக்கொள்கிறது, ஸ்டியரிங் இழுக்கிறது. பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் கண்ணியான ஷேக்கிலை நீளமாகப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. 2 அங்குலம் நீட்டினால் ஆக்சிலின் மேல் ஏறத்தாழ 1 அங்குலமே உயரும். ஆனால் ஆக்சில் சாய்ந்து முன்சக்கரம் திரும்புவதற்கான முளையான கிங் பின்னின் கோணம் மாறிவிடும். ஷேக்கில் முன்பக்கம் உள்ள வண்டியில் அந்தக் கோணம் குறைவதால், திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேராக வராது, நேர்சாலையிலும் வண்டி அலையும்.

பட்டைகளைக் கழற்றி, துரு நீக்கி, விரிசல் பார்த்த பிறகே வளைவு ஏற்ற வேண்டும். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றி நகக்கண் அளவு கீறல் தெரிந்தாலும் அந்தப் பட்டையை மாற்றிவிடுவதே நல்லது. அடுப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிட்டால் வில் எஃகு தன் பதத்தை இழந்து, சில சுமைகளிலேயே மீண்டும் படுத்துவிடும். சூட்டில் வளைத்தால், ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸில் எண்ணெயில் தோய்த்து, பிறகு குறைந்த சூட்டில் மறுபடி பதப்படுத்தியாக வேண்டும். அந்த வசதி இல்லாத பட்டறையில் குளிர்நிலையிலேயே சிறிது சிறிதாக அடித்து வளைப்பதே மேல். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்ய வேண்டும், இல்லையேல் பழைய பக்கம் விரைவில் பின்தங்கும். கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது எளிதுதான், ஆனால் முன்பக்கம் விறைத்து, ஓட்டுபவரின் முதுகுதான் அதற்கு விலை கொடுக்கும்.

பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டியதும், பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளை ஜாக்கியில் தூக்கிய நிலையில் முடித்துவிடாமல், சக்கரங்கள் தரையில் நின்று சுமை ஏறிய பிறகு குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக முறுக்குகிறேன். புதிய உயரத்தில் ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டான டிராக் லிங்கின் சாய்வு மாறியிருக்கும் என்பதால், ஸ்டியரிங் நேராக நிற்கிறதா, முன்சக்கரங்கள் முன்புறம் சற்றே உள்நோக்கி நிற்கும் அளவான டோ இன் சரியா, ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் படுகிறதா என்று பார்த்துவிட்டு, மணலிப் பக்கம் ஒரு நடை சுமையோடு போய்வந்ததும் யூ போல்ட்டுகளை மறுபடியும் முறுக்கிவிடுகிறேன். பட்டைகள் படிந்து உட்கார்ந்ததில் அவை நிச்சயம் சிறிது தளர்ந்திருக்கும்.