“உங்கட பாதுகாப்புக்குக் கேடு வரும்”

லண்டனில் நான் பாரிஸ்டராக அழைக்கப்பட்டது, அதாவது அந்தத் தகுதியைப் பெற்றது, 2013-ல். நீதிமன்றத்தில் எழுந்து நின்று ஒருவருக்காக முதன்முதல் பேசியது 2016 ஏப்ரலில். இடைப்பட்ட அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை. “எவ்வளவு காலம் படிக்க வேணும் அக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். படித்து முடித்துவிடலாம். முடித்த பிறகு வரும் வாசலில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். அந்த வாசலைப் பற்றியும், அதைத் தாண்டிய வருடத்தில் என் கைக்கு வந்த ஒரு வழக்கைப் பற்றியும் எழுதுகிறேன். வழக்கில் வருபவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் சட்டத்தரணிகள் இரண்டு வகை. கட்சிக்காரரோடு முதலில் பேசி வழக்கைத் தயார் செய்பவர் சொலிசிட்டர். பெரும்பாலும் நீதிமன்றத்தில் வாதாடுபவர் பாரிஸ்டர். பாரிஸ்டராவதற்குச் சட்டப் பட்டம், அதற்குமேல் பாரிஸ்டர்களுக்கான ‘பார்’ படிப்பு, அதோடு லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நாலு பழைய சங்கங்களில் ஒன்றில் உறுப்புரிமை வேண்டும். நான் சேர்ந்தது லிங்கன்ஸ் இன். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தகப்பன் முத்து குமாரசுவாமி 1863-ல் பாரிஸ்டராக அழைக்கப்பட்டது அங்கேதான். என் காலத்தில் அழைப்புக்கு முன் 12 அமர்வுகளுக்குப் போக வேண்டும். அதில் பல, கறுப்பு அங்கி போட்டு நீண்ட மேசையில் இருந்து சாப்பிடும் இரவு விருந்துகள். “சாப்பிட்டுச் சாப்பிட்டோ பிள்ளை படிக்கிறது?” என்று அம்மா கேட்டா. அந்த மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஒரு மூத்த பாரிஸ்டர்தான் பிறகு என் விண்ணப்பங்களை வரிக்கு வரி திருத்தித் தந்தார்.

பார் படிப்புக்கு அப்போதே 17,000 பவுண்ஸுக்கு மேல். எங்கள் வீட்டில் அந்தக் காசு இல்லை. லிங்கன்ஸ் இன் தந்த புலமைப்பரிசில்தான் பெரும்பகுதியைக் கட்டியது. படிப்பு தொடங்குவதற்கு முந்தைய நவம்பரிலேயே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் கடன் எடுக்கிறார்கள், அல்லது ஆசையையே விட்டுவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

வாசல் என்று சொன்னது பியூப்பிலேஜை. ஒரு வருடப் பயிற்சி அது. முதல் ஆறு மாதம் மூத்தவருக்குப் பின்னால் நடந்து பார்ப்பது, அடுத்த ஆறு மாதம் தனியாக வழக்கு எடுப்பது. பார் படிப்பு முடிப்பவர்களில் பாதிப்பேருக்குக்கூட இந்த இடம் கிடைப்பதில்லை. கிரிமினல் வழக்குகள் செய்யும் சேம்பர்ஸ்களில், அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகங்களில், ஓரிரு இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் போட்டி. இரண்டு வருடம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. நேர்முகத்தில் ஒரு வழக்குக் குறிப்பைத் தந்து கால் மணி நேரத்தில் பிணை கேட்கச் சொல்வார்கள். முதல் வருடம் எல்லா வாதத்தையும் அடுக்கினேன். மூன்றாம் வருடம் இரண்டே இரண்டு வாதம் சொல்லிவிட்டு இருந்தேன். இடம் கிடைத்தது.

அந்தக் காத்திருப்பில் ஒரு சிறிய சொலிசிட்டர் அலுவலகத்தில், பொலிஸ் நிலையங்களுக்குப் போகும் பிரதிநிதியாக வேலை செய்தேன். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி வரும். காவலில் இருப்பவரின் கதவுத் துளை வழியாக என் பெயரைச் சொல்லி, “நான் பொலிஸ் இல்லை” என்பதையும் முதலில் சொல்வேன். இங்கே 1984-ம் ஆண்டுப் பொலிஸ், குற்றச் சாட்சியச் சட்டப்படி பொலிஸ் நிலையத்தில் யாருக்கும் சட்டத்தரணி இலவசம். வருமானம் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் ஆட்களில் பலர் வேண்டாம் என்கிறார்கள். லோயர் கேட்டால் குற்றம் செய்தவன் என்று நினைப்பார்கள் என்ற பயம். காசு கேட்பார்கள் என்ற பயம். அந்த இரண்டு பயத்தையும் அந்த வேலையில்தான் கண்ணால் கண்டேன்.

2015 இலையுதிர்காலத்தில் பியூப்பிலேஜ் தொடங்கியது. அப்போது சேம்பர்ஸ்கள் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை வருடத்துக்கு 12,000 பவுண்ஸ். லண்டனில் அறை வாடகைக்கே போய்விடும். இப்போது அதை உயர்த்தியிருக்கிறார்கள், நல்ல விஷயம். முதல் ஆறு மாதம் நோட்டுப் புத்தகமும் கையுமாக, பாரதூரமான குற்ற வழக்குகள் நடக்கும் கிரவுன் கோர்ட்டில் இருந்தேன். என் மேற்பார்வையாளர் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான் கேட்பார், வேண்டிய பதில் வந்ததும் இருந்துவிடுவார். எங்கே நிறுத்துகிறார் என்பதைத்தான் நான் எழுதிவைத்தேன்.

சரி, அந்த வழக்குக்கு வருகிறேன்.

இரண்டாவது ஆறு மாதத்தில் மாலை ஆறு மணியளவில், வழக்குகளைப் பங்கிடும் சேம்பர்ஸ் கிளார்க் அறையிலிருந்து மறுநாள் வழக்கு வரும். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு நீதவான் நீதிமன்றம், காலை ஒன்பதரைக்கு அங்கே நிற்க வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் விக் தேவையில்லை, கறுப்புக் கோட் போதும். அன்று வந்தது ஒரு திருட்டு வழக்கு. ஒரு கடையில் வேலை செய்தவர் காசு லாச்சியிலிருந்து 600 பவுண்ஸ் எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. பொலிஸ் விசாரணையின் சுருக்கம் ஒன்றரைப் பக்கம், முழுக்க ஆங்கிலம். “மொழிபெயர்ப்பாளர் மூலம் எச்சரிக்கை வாசிக்கப்பட்டது, விளங்கியதாகச் சொன்னார்.” கீழே, “ஆம், காசை எடுத்தேன்.”

ஆள் ஐம்பது வயதைத் தாண்டியவர், வன்னியிலிருந்து வந்தவர். முன்னர் ஒரு வழக்கும் இல்லை. பொலிஸ் நிலையத்தில் லோயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தின் சிறிய அறையில் இருந்துகொண்டு, “ஏன் ஐயா ஒத்துக்கொண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“பிள்ளை, சொல்லாட்டி என்ர பாதுகாப்புக்குக் கேடு வருமெண்டு அவையளே சொன்னவை. நான் ஊரிலை ஒருக்கா உள்ளுக்கு இருந்தனான். எனக்குத் தெரியும் அது என்னெண்டு.”

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எழும்பிப் போய் வழக்கை ஒத்திவைக்கக் கேட்டேன். விசாரணையின் ஒலிப்பதிவை எங்கள் தரப்பில் அதுவரை யாரும் கேட்டு வாங்கவில்லை. நீதிபதி அதைக் கண்டித்தார், கண்டித்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் நாள் தந்தார்.

குறுந்தட்டு வந்ததும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து ஹெட்ஃபோனில் கேட்டேன். இங்கே பொலிஸ் சொல்லும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் 37 சொற்கள். நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று தொடங்கும். ஒரு காலத்தில் மௌனம் முழு உரிமை. 1994-ம் ஆண்டுச் சட்டத்தால் நடுவில் ஒரு வாக்கியம் சேர்ந்தது. பிறகு கோர்ட்டில் சொல்லப்போகும் விளக்கத்தை இப்போது சொல்லாவிட்டால் அது உங்கள் ‘டிஃபென்ஸை’ப் பாதிக்கலாம் என்பது அதன் பொருள். அந்த இடத்தில் குறுந்தட்டில் இருந்த தமிழ் இது: “இப்ப சொல்லாட்டி உங்கட பாதுகாப்புக்குக் கேடு வரும்.”

டிஃபென்ஸ் என்றால் பாதுகாப்பு. பாதுகாப்பு அமைச்சு என்றுதானே எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. நள்ளிரவு நெருங்கும் நேரம், களைத்துப்போன ஒரு மொழிபெயர்ப்பாளர், கைக்கு வந்த முதல் சொல். “பாதிக்கலாம்” என்பதில் இருந்த ‘லாம்’ கழன்றுபோய் “வரும்” ஆகிவிட்டது. அந்த மொழிபெயர்ப்பாளர் கெட்டவர் இல்லை. ஆனால் சீருடைக்காரர் எதிரில் இருக்க, பூட்டிய அறையில், அந்த வசனத்தைக் கேட்டவர் எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று யோசித்துப் பாருங்கள். பதிவில் அதற்குப் பிறகு நாலு விநாடி சத்தமே இல்லை. ஒரு கதிரை கிறீச்சிட்டது. பிறகு அவர் குரல், மிக மெதுவாக: “சொல்லுறன் ஐயா.”

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஓம் ஐயா. காசை எடுத்தீர்களா? “ஓம் ஐயா, எடுத்தனான்.” அவர் ஒவ்வொரு நாளும் கடை பூட்டும்போது லாச்சியிலிருந்து காசை எடுத்துப் பின்னறைப் பெட்டகத்தில் வைப்பவர், முதலாளி சொன்ன வேலை அது. எடுத்து எங்கே வைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பதிவை நான் நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவை அழுதேன்.

ஆனால் நான் கேட்டது சாட்சியம் ஆகாது. வாதாடும் வழக்கிலேயே பாரிஸ்டர் சாட்சி சொல்ல முடியாது. சொலிசிட்டர் சட்ட உதவி நிதியில் அனுமதி எடுத்து, வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் பதிவைக் கொடுத்தார். அவர் இரண்டு பத்தியாக எழுதித் தந்தார். இடப்பக்கம் குறுந்தட்டில் உள்ள தமிழ், வலப்பக்கம் அந்தத் தமிழின் ஆங்கிலம். அந்த வலப்பக்கத்து வரிதான் எங்கள் வழக்கு.

1984-ம் ஆண்டுச் சட்டத்தின் 76-ம் பிரிவை எங்கள் வேலையில் இருப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு வாக்குமூலம் நம்பமுடியாததாகிவிடக்கூடிய சூழலில் பெறப்பட்டது என்று குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு சொன்னால், அப்படி இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத்தரப்பு. வாக்குமூலம் உண்மையாகவே இருந்தாலும் சரி, நிரூபிக்காவிட்டால் அது வெளியே. இதனோடு, நியாயமான விசாரணைக்கு உரிமை தரும் ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 6-ம் உறுப்புரையையும் சொன்னேன். மனித உரிமைச் சட்டம் 2000 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இங்கே நீதவான் நீதிமன்றத்தில்கூட அதை வைத்து வாதாடலாம்.

பொலிஸ் அதிகாரி நேர்மையானவர். தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பாளரை நம்பினேன் என்றார். ஆறு கேள்வியோடு இருந்துவிட்டேன். நீதிபதி அந்த இரண்டு பத்தியை மறுபடி மறுபடி பார்த்துவிட்டு வாக்குமூலத்தை விலக்கினார். மிச்சம் இருந்தது கடைக் கமெரா. அதில் என் கட்சிக்காரரின் கை காசு லாச்சிக்குள் போவது தெரிந்தது, அவ்வளவுதான். அரசுத்தரப்பு வழக்கறிஞர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, மேலும் சாட்சியம் இல்லை என்றார். வழக்குத் தள்ளுபடியானது. “முடிஞ்சுதோ பிள்ளை?” என்று அவர் இரண்டு தரம் கேட்டார். போன வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

எனக்கு அன்று கிடைத்த கட்டணம் 75 பவுண்ஸ், ரயில் காசு அதற்குள். 2022-ல் கிரிமினல் பாரிஸ்டர்கள் விக்கும் அங்கியுமாக லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்ற வாசலில் நின்று வேலைநிறுத்தம் செய்தபோது நானும் நின்றேன். ஒக்டோபரில் கட்டணத்தில் 15 சதவீத உயர்வோடு முடித்தோம். அதற்குள் என்னோடு தொடங்கிய சிலர் இந்தத் துறையை விட்டே போய்விட்டார்கள். கிரவுன் கோர்ட்டில் தேங்கிய வழக்குகள் 70,000-ஐத் தாண்டிவிட்டன. வாதாட ஆள் இல்லாமல் போனால் அந்தக் குறுந்தட்டை யார் கேட்பது?

மனித உரிமை வழக்குகளுக்குள் நான் போனது அந்த வழக்குக்குப் பிறகுதான். நாடு கடத்தல், சித்திரவதைக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற அதே சாசனத்தின் 3-ம் உறுப்புரை. சட்டப் படிப்பில் அதைப் படிக்கும்போதே எங்கள் பெயர்கள் வரும். 1991-ல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வில்வராஜா வழக்கு, ஐந்து தமிழர்கள், தோற்றார்கள். 2008-ல் அதே நீதிமன்றம் வேறொரு இலங்கைத் தமிழரைத் திருப்பி அனுப்பினால் 3-ம் உறுப்புரை மீறப்படும் என்றது. அந்த இரண்டு தீர்ப்பையும் இன்றும் வாதங்களில் எடுத்துக்காட்டுகிறேன்.

இதை வாசிப்பவர்களில் யாராவது இங்கே கைதானால், பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. காவலில் இருப்பவரின் உரிமை அறிவித்தல் தமிழிலும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பு விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள், அது பதிவில் நிற்கும்.

மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இது: “நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிறகு நீதிமன்றத்தில் உங்கள் தரப்பு நியாயமாகச் சொல்லப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால், அது அங்கே உங்கள் வாதத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். நீங்கள் சொல்வது எதுவும் சாட்சியமாக வைக்கப்படலாம்.” இதைவிடத் தெளிவான தமிழ் உங்களிடம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.