பீலித் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தபோது

கந்தப்பளைப் பக்கம் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பீலித் தண்ணீர்தான்; மலையிலிருந்து வழிந்து வரும் ஊற்றுத் தண்ணீர். மேலே தேயிலை மலை. அங்கே மருந்து அடித்த பிறகு மழை பெய்தால், கான் வழியாக எல்லாம் பீலிப் பக்கம் இறங்கும். அம்மா அதில்தான் சோறாக்குகிறார். சோதித்தே ஆகவேண்டும் என்று கிளம்பினேன்.

முதல் தடவை சோடாப் போத்தலைக் கழுவித் தண்ணீர் பிடித்துப் போனேன். ஆய்வுகூடத்தில் வாங்கவில்லை. "என்ன மருந்தைத் தேடணும் தம்பி?" என்று அங்கிருந்த அக்கா கேட்டார். "எல்லாத்தையும்" என்றேன். அங்கே தண்ணீரைச் சோதிக்கும் மெஷினில் அது முடியாதாம். அதில் மருந்தைப் பிடிக்கப் போடும் புரதமான பிறபொருளெதிரி (antibody) ஒவ்வொன்றும் தனக்குரிய மருந்தையும் அதற்கு நெருங்கிய சிலவற்றையும் மட்டுமே பிடிக்கும். பக்கத்தில் வேறு விஷம் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

இதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: போவதற்கு முன் அடித்தது என்ன மருந்து என்று கேளுங்கள். எங்கள் மலையில் மருந்து அடிக்கும் மாமா வெறும் கேனைக் காட்டினார். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. இலங்கையில் 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்களே, அதேதான்.

அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் போத்தல் தந்தார்கள். மருந்தடித்த பிறகு வந்த முதல் மழையிலேயே பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து விடியற்காலை பஸ்ஸில் கொண்டுபோனேன்.

மெஷின் வேலை செய்வதைப் பார்க்க விட்டார்கள். தட்டில் 96 சின்னக் குழிகள். எங்கள் தண்ணீரோடு, அளவு தெரிந்த கரைசல்களையும் அதுவே சொட்டுச் சொட்டாக விட்டது. தண்ணீரில் உள்ள மருந்தும், நிறம் வரவைக்கும் நொதியம் (enzyme) கோத்த மருந்தும் பிறபொருளெதிரியில் இடம் பிடிக்கப் போட்டி போடும். அப்புறம் கழுவி, நிறம் வரவைத்து, ஒளியால் அளக்கும். நிறம் மங்கினால் மருந்து அதிகம். எங்கள் குழி மங்கலாக இருந்ததைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது.

லீட்டருக்கு 0.6 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் குடிநீருக்கு எந்த ஒரு பீடைகொல்லிக்கும் வரம்பு 0.1தான். உலகச் சுகாதார நிறுவனமோ, குடிநீரில் காணப்படும் அளவு ஆபத்தான அளவைவிட மிகக் குறைவு என்று கிளைபோசேட்டுக்கு வரம்பே வைக்கவில்லை. இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன். "அப்படின்னாலும் அது நம்ம தண்ணியில ஏன் இருக்கணும்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

இந்த முறையில் வந்த முடிவை வேறொரு முறையால் உறுதிப்படுத்த வேண்டும் என்று அக்கா சொன்னதால், மீதித் தண்ணீரை மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறைமாலைமானிச் (mass spectrometer) சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். பீலிக்கு மேலே உள்ள நிரைகளில் மட்டுமாவது மருந்தடிக்காமல் கையால் புல்லு வெட்டும்படி தோட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.