நெட் உடற்கல்வி: பயோமெக்கானிக்ஸைக் குத்திக் குத்திப் படித்த கதை

கல்லூரி ஆசிரியர் பணிக்கான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வை உடற்கல்வியில் எழுதியிருந்தேன், ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கைநழுவிப் போனது. உதவித்தொகை இல்லாத சந்தோஷம் அரைச் சந்தோஷம்தான் என்பது இந்தத் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும். தங்கச்சிமடத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் படித்தாய் என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். எல்லோருக்கும் பொதுவான தாள் 1 பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாடத்துக்கான தாள் 2-இல் பலரும் பயந்து ஒதுக்குகிற இரண்டு இடங்கள் உண்டு: பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவின் இயற்பியல்), உடலமைப்பு அளவீடு. என்னைக் கரை சேர்த்தது அந்த இரண்டும்தான்.

நான் குத்துச்சண்டைக்காரி, 48 கிலோ பிரிவு. "இந்த உடம்புல பவர் எங்கேருந்து வரும்?" என்று கேட்காத ஆள் ஊரில் பாக்கி இல்லை. எம்.பி.எட். (உடற்கல்வி முதுநிலை) சேர்ந்தபோது அந்தக் கேள்வியையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்டேன். குத்தின் பலம் உடம்பில் இருக்கிறதா, உத்தியில் இருக்கிறதா? இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தால் பயோமெக்கானிக்ஸ் வருகிற அலகு 3-இல் பாதி முடிந்தது.

முதலில் கசப்பான உண்மை. கனத்த உடம்புக்கு அனுகூலம் உண்டு, இல்லையென்றால் எடைப் பிரிவே தேவையில்லையே. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், ஃப்ளைவெயிட் முதல் சூப்பர் ஹெவிவெயிட் வரை ஏழு ஒலிம்பிக் வீரர்களைச் சோதனைப் பொம்மையின் முகத்தில் குத்தவைத்து அளந்தார்கள். சராசரி விசை 3427 நியூட்டன், கையின் வேகம் வினாடிக்கு 9 மீட்டர் சொச்சம். குத்தோடு சேர்ந்துபோய் மோதுகிற பயனுறு நிறை 2.9 கிலோ. எடை கூடியவர்களின் குத்து பலமாக இருந்ததற்கு முக்கியக் காரணம் இந்தப் பயனுறு நிறை கூடியதுதான். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 48 கிலோவில் எவ்வளவு அந்தக் கையோடு போகிறது என்பது உத்தியைப் பொறுத்தது. மணிக்கட்டு மடங்கினால், இடுப்பு சும்மா நின்றால், வெறும் கை மட்டும்தான் போகும்.

மறுபக்கமும் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள் வைல்டரும் ஃப்யூரியும் மோதியபோது வைல்டர் ஏறக்குறைய 96 கிலோ, ஃப்யூரி 116 கிலோ. வைல்டருக்கு ஒல்லிக் கால், நீளக் கை. ஃப்யூரியை இரண்டு முறை கீழே தள்ளினார். ஆட்டம் டிராவில் முடிந்தது, அது வேறு கதை. நீளக் கைக்குக் கோண வேகம் அதேயானால் முஷ்டியின் நேர்வேகம் கூடும். ஆனால் நிலைமத் திருப்புத்திறனும் (சுழலவிடாமல் எதிர்க்கும் தன்மை) கூடுவதால் சுழற்றுவது கஷ்டம். கூற்று–காரணம் வகைக் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த இடம் இது.

இனி என் ஒரே சூத்திரம். புத்தகத்தை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள். தம்பி கையில் குத்து வாங்குகிற பேட் (பஞ்சுத் திண்டு) கொடுத்து மூன்று இடங்களில் குத்தினேன். கரையேற்றிய வள்ளத்தின் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து குத்தினால் பேட் அசையவே இல்லை. காய்ந்த மணலில் நின்று குத்தினேன், பின்னங்கால் புதைந்து நழுவியது, சத்தம் மொத்தையாக வந்தது. அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் குத்தியபோது தம்பி ஓர் அடி பின்னால் போய், "ஏன்க்கா, கோவமா?" என்றான். நியூட்டனின் மூன்றாம் விதி, தரை எதிர்விசை (தரை நம்மைத் திருப்பித் தள்ளுவது), இயக்கச் சங்கிலி (காலிலிருந்து கைவரை விசை கைமாறிப் போவது) எல்லாம் அன்றைக்கு எனக்குப் புரிந்தன. 1985-இல் சோவியத் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கும் இதே கதைதான். தேர்ந்த வீரர்களின் குத்தில் காலின் பங்கு ஏறக்குறைய 38 சதவீதம், உடற்பகுதி 37, கை வெறும் 24. தொடக்கநிலை வீரர்களுக்குக் கால் 16-17 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கிற என் சித்தப்பாவுக்கு இந்த ஆய்வு தெரியாது. ஒருநாள் கயிற்றைப் பிடித்த என்னிடம், "கையால இழுத்தா தோள் போயிரும்மா. குதிகாலை ஊனு, இடுப்பைக் கொடு" என்றார். எங்கள் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்துவதும் அதுதான்.

குறித்துக்கொள்ள வேண்டியவை, வரிசை மாறாமல்:

– பின்னங்கால் குதிகால் எழும்புகிறது: பாதம் கீழ்நோக்கி மடங்குதல் (plantar flexion), கெண்டைக்கால் தசைகளான காஸ்ட்ராக்னீமியஸ், சோலியஸ்.
– இடுப்பும் உடலும் திரும்புகின்றன: குறுக்குத் தளம், செங்குத்து அச்சு.
– தோள்பட்டை எலும்பு முன்னே போகிறது: விலாப்பக்கத் தசையான செர்ராட்டஸ் ஆன்டீரியர். இதற்கு 'பாக்ஸர் தசை' என்றே பெயர்.
– முழங்கை நீள்கிறது: மேற்கையின் பின்பக்கத் தசை ட்ரைசெப்ஸ், முதல் வகை நெம்புகோல் (தாங்குபுள்ளி நடுவில்). முன்பக்கத் தசை பைசெப்ஸ் மூன்றாம் வகை (விசை நடுவில்) என்று மனப்பாடம் செய்துவிட்டு இதற்கும் மூன்று போடாதீர்கள்.
– முஷ்டி படும் இடம்: ஆள்காட்டி விரல், நடுவிரல் மொளிகள். 'பாக்ஸர் முறிவு' ஐந்தாவது அங்கை எலும்பின் (சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருப்பது) கழுத்தில் வருவது.

இன்னொன்று. முழு நேரமும் தசையை இறுக்கி வைத்தால் வேகம் செத்துவிடும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, தேர்ந்த சண்டைக்காரர்களின் தசை இரண்டு முறை உச்சம் தொடுவதைக் காட்டியது: கிளம்பும்போது ஒன்று, படும்போது ஒன்று, நடுவில் தளர்வு. படும் நேரத்து இறுக்கம்தான் பயனுறு நிறையைக் கூட்டித் தருகிறது.

அளவீட்டுப் பகுதிக்கு வருவோம். இங்கே முக்கியம் உடலமைப்பை மூன்று எண்களால் வகைப்படுத்தும் சோமட்டோடைப் முறை: ஷெல்டன் 1940, ஹீத்–கார்ட்டர் 1967. எண்களின் வரிசை எண்டோ (கொழுப்பு), மீசோ (தசையும் எலும்பும்), எக்டோ (ஒல்லித்தனம்). பத்து அளவுகள்: உயரம், எடை, நான்கு தோல்மடிப்பு, இரண்டு எலும்பு அகலம், இரண்டு சுற்றளவு. கெண்டைக்கால் மடிப்பு எண்டோ கணக்கில் சேராது, பலரும் இங்கே வழுக்குவார்கள். சூத்திரத்தை உருப்போடாமல் உங்கள் உடம்பையே போட்டுப் பாருங்கள். எனக்கு உயரம் 155 செ.மீ., எடை 48. எடையின் கனமூலம் 3.63, உயரத்தை அதால் வகுத்தால் 42.7 பக்கம். அதை 0.732-ஆல் பெருக்கி 28.58-ஐக் கழித்தால் 2.6 சொச்சம், ஆக எக்டோ 2.5. மொத்தத்தில் நான் 3-4-2.5. "பவர் எங்கேருந்து வரும்" என்று கேட்டவர்களிடம் நடுவில் இருக்கிற அந்த நாலைக் காட்டலாம்.

உட்கார்ந்த இடத்தில் பத்து மணி நேரம் படிக்க முடிகிறவர்களுக்கு என் வழி கோமாளித்தனமாகத் தெரியும். அவர்கள் அப்படியே படிக்கட்டும். எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நாற்காலி தாங்காது. குத்துச்சண்டை தெரியாதவர்கள் கைப்பந்து ஸ்மாஷை எடுத்துக்கொள்ளலாம், கபடி உதையை எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது ஓர் அசைவு போதும், பத்து வேண்டாம்.

மொழி விஷயத்தில் மட்டும் என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. விடை தெரிந்த கேள்வியையே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. அதனால் பாடத்தைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே சுவரில் ஒட்டி வையுங்கள். நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒரு கேள்வியையும் விடாதீர்கள். பழைய வினாத்தாளில் தமிழில் தெரிந்தும் ஆங்கிலத்தில் தடுக்கிய சொற்களுக்குத் தனி நோட்டு போடுங்கள். என் நோட்டு வேண்டுமென்றால் தருகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.