மஞ்சள் கோடு

"உள்ளே இருக்கிறது ஆப்ஜெக்ட் அரேதானே, டி அரே இல்லையே?" என்று கேட்டார் என்னுடன் வேலை பார்ப்பவர். "வெளியே யாருக்கும் தெரியப்போறதில்லை, விடுங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

ஜாவாவில் எந்த வகைப் பொருளையும் வைக்கக்கூடிய ஒரு கிளாஸ் எழுதிக்கொண்டிருந்தார். என்ன வகை என்பதைப் பயன்படுத்துபவர் பிறகு சொல்வார், அதுவரை அதற்கு டி என்று பெயர். கன்ஸ்ட்ரக்டருக்குள், அதாவது பொருளை முதலில் உருவாக்கும் பகுதிக்குள், டி வகையில் நேரடியாக ஓர் அரே, அதாவது வரிசை, உருவாக்கப் பார்த்திருந்தார். எழுதியதை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் மறுத்துவிட்டது. மறுக்கத்தான் செய்யும். 2004-இல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸ் என்ற இந்த டி வசதி வந்தபோது, பழைய புரோகிராம்களும் ஓட வேண்டுமே என்று, கம்பைல் ஆனதும் டி அழிந்துபோகும்படி வைத்தார்கள். அரேவுக்கோ ஓடும்போதும் தன் வகை தெரிந்தாக வேண்டும். இதையெல்லாம் விளக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். விளக்காமல் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். எதையும் வைக்கக்கூடிய ஆப்ஜெக்ட் அரே ஒன்றை உருவாக்கி, டி அரே என்று காஸ்ட் செய்தேன், அதாவது அந்த வகை என்றே எடுத்துக்கொள் என்று கம்பைலரிடம் சொன்னேன். பிழையைக் காட்டிய சிவப்புக் கோடு எச்சரிக்கையின் மஞ்சளானது. கன்ஸ்ட்ரக்டர் தலையில், எச்சரிக்கையை அடக்கும் சப்ரெஸ்வார்னிங்ஸ் ஒன்றைப் போட்டேன். மஞ்சளும் போனது.

தப்பு என்று இப்போதும் முழுசாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஜாவாவோடு வரும் அரேலிஸ்ட்டே உள்ளே ஆப்ஜெக்ட் அரேதான் வைத்திருக்கிறது. என்ன, அது அந்த அரேயை யாரிடமும் நீட்டுவதில்லை. வகையோடு வேண்டும் என்றால் நம்மிடமே ஓர் அரே கேட்கும். இந்தப் பாதியை அவரிடம் நான் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து வேறொருவர், உள்ளே இருந்த அரேயை அப்படியே திருப்பித் தரும் மெத்தட் ஒன்றைச் சேர்த்தார். முதலில் என்னிடம் கேள்வி கேட்டவர் அதை ஸ்ட்ரிங் அரேயாக வாங்கினார். கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன், வகை பொருந்தாத பிழை. பிழை வந்த வழியைக் காட்டும் ஸ்டேக் டிரேஸில் கன்ஸ்ட்ரக்டரின் பெயரே இல்லை, இவருடைய வரிதான் இருந்தது. அந்த வரியில் அவர் காஸ்ட் எதுவும் எழுதவில்லை. கம்பைலர் தானாகச் செருகியது.

மீட்டிங்கில் அவரைக் கேள்வி கேட்டார்கள். "பிரச்சினை இந்த வரியில் இல்லை, கன்ஸ்ட்ரக்டரில்" என்றேன். உண்மைதானே? அவருக்காகப் பேசியதாகத்தான் நினைத்தேன். ஆனால் கன்ஸ்ட்ரக்டரைச் சேர்த்த பதிவான கமிட்டும் அவர் பெயரில்தான் இருக்கிறது. "அதை எழுதியது நான்" என்று சேர்த்திருக்கலாம். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள், அதற்குள். போகாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அவர் என் பக்கம் திரும்பவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைவு. அப்படி நினைவு வைத்துக்கொள்வது எனக்கு வசதி என்பதும் தெரிகிறது.

அன்று மாலையே டி எந்த வகை என்று ஓடும்போதும் சொல்லும் அதன் கிளாஸையும் கேட்டு வாங்கும்படி கன்ஸ்ட்ரக்டரை மாற்றினேன். அழைக்கும் 14 இடங்களிலும் கை வைக்க வேண்டியிருந்தது. அரேக்குப் பதில் ஒரு லிஸ்ட் வைத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த 14-லும் இரண்டு இடங்களில் டி என்பது ஸ்ட்ரிங் லிஸ்ட். அந்த வகைக்கென்று தனியாக கிளாஸ் கிடையாது. வெறும் லிஸ்ட்டின் கிளாஸைத்தான் கொடுக்க முடியும். சரி, மறுபடி ஒரு காஸ்ட், மறுபடி ஒரு சப்ரெஸ்வார்னிங்ஸ். இந்த முறை ஏன் என்று மேலே மூன்று வரி கமெண்ட் எழுதினேன்.

மாற்றத்தைச் சரிபார்க்கும் ரிவ்யூ அவரிடம்தான் போனது. கேள்வி எதுவும் கேட்காமல் அப்ரூவ் செய்துவிட்டார்.