சென்னைத் துறைமுகம்: வாசலை இடம் மாற்றிய மணல்

சென்னைத் துறைமுகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கப்பலுக்கு முன் மணலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும். இங்கே வளைகுடா கிடையாது. நேரே திறந்த கடல். ஒரு காலத்தில் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், சரக்கு மசூலா படகில் அலை தாண்டிக் கரைக்கு வரும். அந்தப் படகுக்கு ஆணி இல்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் போட்டாலும் பிளக்காமல் வளைந்துகொடுக்கும்.

1876இல் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் பெரும்பகுதியைப் பெயர்த்தது. மறுபடி கட்டியபோதும் கப்பல் நுழையும் வாசலைக் கிழக்கு நோக்கியே வைத்தார்கள். வினை அங்கேதான்.

தென்மேற்குப் பருவத்தில் அலை கரையில் சாய்வாக மோதி மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் திசை திரும்பும். ஆனால் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே சுவர் வந்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம் கரை அரித்தது. அந்தப் பக்கம் கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. தெற்குச் சுவரின் முனையைச் சுற்றிவந்த மணல் வாசலை மேடாக்கியது. போதாக்குறைக்கு, வங்கக்கடல் அலை நேராக உள்ளே புகுந்து, தளத்தில் கயிற்றால் கட்டிய கப்பலை ஆட்டியது. 1904இல் துறைமுகத் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் திறந்தார். 1983இல் வந்த கண்டெய்னர் முனையத்தைக்கூட இந்த முடிவுக்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

ஆட்டம் அதோடு முழுதும் தீரவில்லை. கப்பல் முன்னும் பின்னும் அசையும்போது ஒரு கயிறு தளரும், பக்கத்துக் கயிறு மொத்தப் பாரத்தையும் வாங்கி அறும். நைலானையும் கம்பிவடத்தையும் ஒரே வேலைக்குச் சேர்த்துக் கட்டக் கூடாது: நைலான் நீளும், கம்பி நீளாது, பாரமெல்லாம் கம்பிக்கே போகும். அறுந்த நைலான் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். அது பாயும் வழியில் ஆள் நிற்கவே கூடாது.

10ஆம் எண் புயல் கூண்டு ஏறும் வரை காத்திருப்பதில்லை. அதற்கு வெகு முன்பே கப்பல்களைக் கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். புயலுக்குத் துறைமுகத்தை விட்டு ஓடுவதா என்று புதியவர்கள் கேட்பார்கள். கட்டி வைத்தால் கப்பல், தளத்துச் சுவரில் மோதிமோதி உடையும், தளத்தையும் உடைக்கும். கடலில் அதற்கு விலக இடம் உண்டு.

நிலத்துப் பக்கம் அந்த இடம்தான் இல்லை. தூசுக்காக 2011இல் உயர் நீதிமன்றம் நிலக்கரிக்கும் இரும்புத்தாதுக்கும் தடை விதித்ததும் நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. கண்டெய்னர் பெட்டிகள் இங்கேயே தங்கின. துறைமுகத்தை ஒட்டியே நகரம் நிற்பதால் டிரெய்லர்கள் வடக்கே சாலையில் வரிசைகட்டுகின்றன. பெட்டிக் கதவில் போடும் முத்திரைதான் சீல். காகிதத்தில் ஒரு சீல் எண், பெட்டியில் வேறொன்று என்றால் வாயிலில் அந்த வண்டி நிற்கும். ஒதுங்க இடமில்லாததால் பின்னால் வந்தவையும் நிற்கும். சீல் எண்ணைக் கிடங்கிலேயே, பெட்டியைப் பூட்டிய கையோடு சரிபார்ப்பதுதான் வழி.