எதிராளியின் பதினொன்றைப் பார்த்து நம் பதினொன்றை இறக்குவது

காட்பாடி ஹாஸ்டல் அறையில் பத்துப் பேர் சேர்ந்து ஆடும் லீக் ஆகட்டும், ராணிப்பேட்டை கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஓடும் லீக் ஆகட்டும், இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வைத்து ஆன்லைனில் அணி கட்டி ஆடும் ஃபேன்டசி பிரீமியர் லீகின் ஹெட் டு ஹெட்டில் வாரத்துக்கு ஒரே ஒருவரை முந்தினால் போதும். 90 எடுத்தும் எதிரே 91 என்றால் கையில் பூஜ்யம். 38 எடுத்து எதிரே 37 என்றால் முழுசாக 3 பாயின்ட். சமன் என்றால் ஆளுக்கு 1.

அதனால் எதிராளியின் அணியைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அதைப் பார்த்து மொத்த அணியையும் கலைப்பதுதான் பெரிய தப்பு. நன்றாக ஆடுகிற, 90 நிமிடம் நிற்கிற, எளிதான மேட்ச் உள்ள ஆட்களை யார் எதிரே வந்தாலும் இறக்கத்தான் வேண்டும். எதிராளிக்காக யோசிக்க வேண்டியது கேப்டன் பட்டையும் (கட்டியவரின் பாயின்ட் இரட்டிப்பாகும்) கடைசி ஒன்றிரண்டு இடங்களும் மட்டும்.

டெட்லைனுக்கு முன்னால் நமக்குத் தெரிவது அவருடைய போன வார அணிதான். அதில் காயம்பட்டவர், சிவப்பு அட்டை வாங்கியவர் இருந்தால் அவரை விற்றுவிடுவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பழைய வாரங்களையும் திறந்து பாருங்கள். இலவச மாற்றங்களுக்கு மேல் மைனஸ் 4 கொடுத்து ஆள் மாற்றும் பழக்கம் உண்டா, கேப்டன் பாயின்டை மும்மடங்காக்கும் டிரிபிள் கேப்டன் சிப்பை (ஒருமுறை போட்டால் தீர்ந்துவிடும் சலுகை) செலவழித்துவிட்டாரா என்பது அங்கே தெரியும். 2025-26 சீசனில் சிப்கள் முதல் பாதிக்கு ஒரு செட், அடுத்த பாதிக்கு ஒரு செட் என்று வந்ததால், முதல் பாதி முடியப்போகும் வாரங்களில் கையில் சிப் வைத்திருப்பவர் எப்படியும் போட்டுவிடுவார். விட்டால் வீணாகிவிடும்.

பிறகு ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இருவரிடமும் இருப்பவர்களை அடித்துவிடுங்கள். அவர்கள் எத்தனை கோல் போட்டாலும் உங்கள் மேட்ச்சில் ஒன்றும் நகராது. அடிபடாமல் மிச்சம் நிற்பவர்கள்தான் அந்த வாரத்துச் சண்டை.

கேப்டன் கணக்கைப் பலர் பயந்து பயந்து போடுகிறார்கள். மான்செஸ்டர் சிட்டி ஃபார்வர்ட் ஹாலண்ட், ஆர்சனல் மிட்ஃபீல்டர் சாகா இருவரும் இரண்டு அணியிலும் இருக்கிறார்கள், எதிராளி ஹாலண்டுக்குப் பட்டை கட்டுகிறார், நீங்கள் சாகாவுக்குக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஹாலண்ட் முழு ஆட்டம் ஆடி இரண்டு கோல், மூன்று போனஸ்: 2, 8, 3 சேர்ந்து 13. சாகா ஒரு கோலும் க்ளீன் ஷீட்டும் (அணி கோலே விடாதது): 2, 5, 1 சேர்ந்து 8. எதிராளிக்கு 26-ம் 8-ம் 34. உங்களுக்கு 13-ம் 16-ம் 29. ஹாலண்ட் பொளந்து கட்டிய வாரத்திலும் நீங்கள் இழந்தது 5 தான். இருவரும் இரண்டு பக்கமும் இருந்தால் கேப்டன் பந்தயத்தின் விலை அந்த இரண்டு பேருக்கும் உள்ள பாயின்ட் வித்தியாசம் மட்டுமே. ஆபத்து, ஹாலண்ட் உங்களிடம் இல்லவே இல்லாதபோது. அப்போது 26-ம் அப்படியே எதிர்ப்பக்கம் போகும்.

இனி, காகிதத்தில் யார் அணி பலம் என்று உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது பலமென்றால் அவர் கேப்டனையே நீங்களும் கேப்டனாக்குங்கள். கடைசி இடத்திலும் அவரிடம் உள்ள ஆளையே இறக்குங்கள். ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறையக் குறைய பலமான அணிக்கு நல்லது. உங்கள் அணி பலவீனமென்றால் நேர் எதிர்: அவரிடம் இல்லாதவரைத் தேடி இறக்குங்கள், கேப்டனையும் மாற்றுங்கள்.

டிபன்டர் இடத்தில்தான் இந்த விதி கண்ணுக்குத் தெரியும். எதிராளியின் கேப்டன் ஹாலண்ட். உங்கள் ஐந்தாவது டிபன்டர் அன்றைக்கு மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஆடுகிறார். ஹாலண்ட் இரண்டு போட்டு மூன்று போனஸும் எடுத்தால் எதிராளிக்கு 26 ஏறும். அதே நிமிடத்தில் உங்கள் டிபன்டரின் 4 பாயின்ட் க்ளீன் ஷீட் போய், இரண்டு கோல் விட்டதற்கு மைனஸ் 1-ம் விழும். ஒரே அடி இரண்டு பக்கமும். கோல் விழாவிட்டால் உங்கள் ஆளுக்கு 6, அவர் கேப்டனுக்கு வெறும் 4. பின்தங்கியவர் இதைத் துணிந்து ஆடலாம், முன்னே இருப்பவர் தொடவே கூடாது. 2025-26 முதல் டிபன்டர் தடுப்பு, டாக்கிள், கிளியரன்ஸ், இன்டர்செப்ஷன் சேர்த்து 10 எட்டினால் 2 பாயின்ட் உண்டு. சிட்டியிடம் அடிவாங்கும் அணியின் சென்டர் பேக்குக்கு (நடுவில் நிற்கும் டிபன்டர்) அது கிடைக்க வாய்ப்பு அதிகம், விங் பேக்குக்கு (ஓரத்தில் ஆடும் டிபன்டர்) குறைவு. இருவரில் ஒருவர் என்றால் சென்டர் பேக்.

எதிராளியிடம் இருக்கிறாரே என்பதற்காக மட்டும் மைனஸ் 4 கொடுத்து ஒருவரை வாங்காதீர்கள். ஹெட் டு ஹெட் ஸ்கோரிலும் அந்த 4 கழியும்.

பெஞ்ச் வரிசையை ஏனோதானோ என்று விடக் கூடாது. மூன்று டிபன்டரோடு இறங்கி ஒருவர் ஆடாமல் போனால், பெஞ்சில் முதலில் மிட்ஃபீல்டர் இருந்தாலும் அவரைத் தாண்டி டிபன்டர்தான் உள்ளே வருவார். மூன்று டிபன்டர் கட்டாயம். கேப்டன் கடைசி 5 நிமிடம் மாற்று ஆளாக இறங்கிவிட்டாலோ பட்டை வைஸ் கேப்டனுக்குப் போகாது. 1 பாயின்ட் இரண்டாகி நிற்கும். சந்தேகத்துக்குரியவருக்குப் பட்டை கட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான், மொத்தமாக ஆடாமல் போவது அல்ல.

நேரம்: முதல் மேட்ச்சுக்கு 90 நிமிடம் முன்பு கதவு சாத்தப்படும். கிளப்புகள் ஆடும் பதினொருவரை அறிவிப்பது 75 நிமிடம் முன்பு, அதாவது நம் டெட்லைன் முடிந்து கால் மணி நேரம் கழித்து. இங்கிலாந்து நேரம் சனி மதியம் 12:30 மேட்ச் முதலில் வந்தால் நமக்கு மாலை 3:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறிய பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை 4:30. வேலூர் சாரதி மாளிகையில் கடை வைத்திருப்பவருக்கு அது வியாபார நேரம், காலையிலேயே அணியை உறுதி செய்துவிட வேண்டும். வெள்ளி இரவு 8 மணி மேட்ச் என்றால் நம் டெட்லைன் இரவு 11, குளிர்காலத்தில் 12.

லீகில் ஆட்கள் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஏதாவது ஒரு வாரம் 'ஆவரேஜ்' அணி, அதாவது சராசரி ஸ்கோர் மட்டுமே உள்ள கற்பனை அணி, எதிரே வரும். அதற்குக் கேப்டனும் இல்லை, பெஞ்சும் இல்லை. அந்த வாரம் தாளையும் பத்தியையும் எடுத்து வைத்துவிட்டு உங்கள் பலமான பதினொருவரையே இறக்குங்கள்.